களைச்சுப்போன தொண்டருக்கு நாலு வழி: குறைக்கிறதா, வேலைய மாத்திறதா, லீவா, விடுறதா?

சாகக் கிடக்கிற நோயாளிகளோட போய் இருக்கிற எங்கட தொண்டர் குழுவில ஒரு ரிட்டயர்ட் டீச்சர் இருக்கிறா. நாலு வருஷமா கேன்சர் நோயாளிகள வீடு வீடாப் போய்ப் பாத்தவ, ஒரு நாளும் ஏலாது எண்டு சொன்னதில்ல. போன மாசம் ஒரு ராவு வட்ஸ்அப் குறூப்பில இருந்து ஒண்டும் சொல்லாம வெளியேறிட்டா. நான் போன் அடிச்சன், எடுக்கல்ல. மறுகா ரெண்டு கிழமை கழிச்சு அவவே எடுத்து, "புள்ள, எனக்கு இனி ஒரு வீட்டுப் படலையத் திறக்கவும் கை வராதுபோல கிடக்கு" எண்டா. அதே கிழமை அக்கரைப்பற்றில இருந்து ஒரு தம்பி, வார்டில ஆளில்லாத நோயாளிகளுக்கு ராவில துணைக்கு நிக்கிறவர், "அக்கா நான் விடலாம் எண்டு இருக்கன், விட்டா பாவமா?" எண்டு கேட்டு எழுதியிருந்தார்.

ரெண்டு பேருக்கும் நான் சொன்னது ஒண்டில்ல. இந்தக் கேள்வி இன்னும் நிறையப் பேர்ட்ட இருக்கும், வெளியில சொல்ல வெக்கப்பட்டு வச்சிருப்பாங்க, அதால எல்லாத்தையும் ஒரு இடத்தில எழுதிவிடுறன். நான் டொக்டரோ கவுன்சிலரோ இல்ல, மட்டக்களப்பு ஆரையம்பதியில இருந்து ஸ்கூட்டியில ஆத்துக்கு அந்தப் பக்கம் படுவான்கரைக்குப் போய் நோயாளிகளோட இருக்கிற ஒரு ஆள், அவ்வளவுதான்.

## முடிவெடுக்க முதல் எதெதப் பாக்கணும்

ஒண்டு, களைப்பு எங்கால வருது எண்டு. இதுதான் பெரிசு, இதப் பாக்காம முடிவெடுத்த ஆக்கள்தான் ஆறு மாசத்தில திரும்ப அதே இடத்தில வந்து நிக்கிறாங்க.

வெளியாக்கள் நினைக்கிறது, சாவைப் பாத்துப் பாத்துத்தான் நாங்க களைக்கிறம் எண்டு. என்ட அனுபவத்தில அது பாதிதான் உண்மை. மத்தப் பாதி, எங்கட வேலை எதில தொடங்கி எதில முடியுது எண்டு ஒருத்தரும் சொல்லித் தராததால வாறது. 1964லயே றொபர்ட் கான் எண்டவரும் அவரோட வேலை செஞ்ச ஆக்களும் தொழிலிடங்களப் பாத்து இதப் பிரிச்சு எழுதினாங்க, "என்ட வேலை என்ன எண்டே தெளிவில்ல" எண்டது ஒரு அழுத்தம், "ரெண்டு பேர் என்னட்ட ரெண்டு எதிர் விஷயம் எதிர்பாக்கிறாங்க" எண்டது இன்னொரு அழுத்தம். அவங்க பாத்தது சம்பளத்துக்கு வேலை செய்யிற ஆக்கள. ஆனா தொண்டருக்கு இது ரெண்டும் இன்னும் கூட, ஏனெண்டா எங்களுக்கு வேலை விவரம் எண்டு ஒரு கடதாசியே இல்லையே.

ஒரு நாள் நடந்ததச் சொல்றன். கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு ஐயா, ஈரல்ல கேன்சர், வீட்டாக்கள் அவருக்குச் சொல்லல்ல, "அல்சர்" எண்டு வச்சிருந்தாங்க. நான் போன உடனே மகள் படலையடியிலயே பிடிச்சு "அக்கா, கேன்சர் எண்ட சொல்லு வாயில வரக்கூடாது" எண்டு சொல்லித்தான் உள்ள விட்டவ. ஐயாட உதடு காஞ்சு வெடிச்சிருந்தது, நான் பஞ்ச தண்ணியில நனைச்சு ஒத்தி ஒத்தி விட்டுக்கொண்டிருந்தன், அவர் என்ட மணிக்கட்டப் பிடிச்சு "புள்ள, நீ பொய் சொல்ல மாட்டாய், எனக்கு என்ன வருத்தம்?" எண்டார். கதவு நிலையோட மகள் நிண்டு தலைய ஆட்டுறா, வேணாம் வேணாம் எண்டு. நான் ஒண்டும் சொல்லாம பஞ்ச திரும்ப நனைச்சன். வரக்குள்ள மண்முனைப் பாலத்தில ஸ்கூட்டிய நிப்பாட்டிட்டு கொஞ்ச நேரம் ஆத்தையே பாத்துக்கொண்டு நிண்டன், கை நடுக்கம் நிக்கல்ல.

ஐயா மறுகா 11 நாளில போயிட்டார். என்னைத் தின்னது அவர்ட சாவில்ல. அந்தக் கேள்விக்கு நான் குடுக்காத மறுமொழிதான். பல மாசம் கழிச்சு ஆஸ்பத்திரி மிஸ்ஸி (நேர்ஸ்) ஒராள் சொன்னா, "ஐயா, நீங்க என்ன எண்டு நினைக்கிறீங்க? டொக்டரோட கதைக்க விருப்பமா, நான் மகள்ட்ட சொல்லி ஒழுங்கு பண்ணவா?" எண்டு கேட்டிருந்தாப் போதுமாம். பொய்யுமில்ல, வீட்டாக்கள்ட சொல்ல மீறினதுமில்ல. அந்த ரெண்டு வரிய ஆராவது எனக்கு முதல் நாளே சொல்லித் தந்திருந்தா நான் அந்த வருஷம் முழுக்க நித்திரை இல்லாமக் கிடந்திருக்க மாட்டன்.

இது ஏன் எங்களுக்கு மட்டும் இப்பிடி வருது எண்டு யோசிச்சா, 1967ல லண்டனில சென் கிறிஸ்டோஃபர்ஸ் ஹொஸ்பிஸ், சாகிற ஆக்களப் பராமரிக்கிற இடம், தொடங்கின சிசிலி சோண்டர்ஸ் அம்மா சொன்னது ஞாபகம் வருது, சாகிற ஆள்ட நோ எண்டது உடம்பு நோ மட்டுமில்ல, மனசு, குடும்பம், காசுப் பிரச்சினை, கடவுள்ட்ட கேக்கிற கேள்வி எல்லாம் சேந்த நோ எண்டு. உடம்பு நோவுக்கு டொக்டரும் மோர்ஃபினும் இருக்கு. மிச்சம் எல்லாம் கட்டில் பக்கத்தில கதிரை போட்டு இருக்கிற ஆள்ட தலையிலதான் வந்து விழுது. அரசாங்க உதவிக்காசுக்கு அஸ்வெசும ஃபோம் நிரப்பிறது, கிராம சேவகர்ட்ட கையெழுத்து வாங்கிறது, அண்ணன் தம்பிக்கு காணிச் சண்டை தீக்கிறது, "இன்னும் எத்தின நாள் இருப்பார்?" எண்டதுக்கு மறுமொழி சொல்றது, எல்லாம்.

மற்றக் களைப்பு, துக்கம். இதுக்கு ஒரு பேர் இருக்கு, 1989ல கென்னத் டோகா எண்டவர் எழுதினது, ஊர் ஒத்துக்கொள்ளாத துக்கம் எண்டு சொல்லலாம். நீங்க சொந்தக்காரர் இல்ல, அதால உங்களுக்கு அழ உரிமை இல்ல. எங்கட பக்கம் இத யோசிச்சுப் பாருங்க. செத்தவீட்டாக்களுக்கு துடக்கு இருக்கு, எட்டு இருக்கு, 31 இருக்கு, அந்த நாளெல்லாம் ஆக்கள் வந்து பக்கத்தில இருப்பாங்க, சமைச்சுக் குடுப்பாங்க, கோயிலுக்குப் போகாம வீட்டோட இருக்கலாம். ஆறு மாசம் அந்த அம்மாட தலையச் சீவி விட்ட தொண்டருக்கு? செத்தவீட்டுக்குப் போய் வந்து தலைக்குத் தண்ணி வாத்திட்டு அடுத்த நாள் வேற நோயாளிட வீட்ட போகணும். காத்தான்குடி, கல்முனைப் பக்கம் முஸ்லிம் வீடு எண்டா மௌத்தாகி சில மணித்தியாலத்தில ஜனாஸாவே முடிஞ்சிரும், நீங்க செய்தி கேட்டு வரக்குள்ள அடக்கியிருப்பாங்க, மறுகா புருஷன் போன பொம்பள எண்டா இத்தாவில, வெளியாம்பிளைகளக் காணாம, 4 மாசமும் 10 நாளும் இருப்பா, ஆம்பளத் தொண்டர் போய் ஒரு வார்த்தை கதைக்கவும் ஏலாது. துக்கம் கையிலயே நிண்டிரும். அதோட எங்களில கனபேருக்கு 2004 டிசம்பர் 26 சுனாமி இன்னும் உள்ளுக்குள்ள கிடக்கு, யுத்தத்தில போன ஆக்கள் கிடக்காங்க. புதுச் சாவு ஒண்டு வந்து அந்தப் பழசுகளையும் எழுப்பி விட்டிரும், அது எது எதுக்காக அழுறம் எண்டு எங்களுக்கே தெரியாது.

மூணாவது களைப்பும் இருக்கு, அது நோயாளியால வாறதே இல்ல, வீட்டில பிரச்சினை, காசு இல்ல, பரீட்சை, சுகமில்லாத மாமி. தொண்டு வேலை அதுக்கு மேல வச்ச கடைசிச் சுமை.

ரெண்டு, இப்ப உங்கட கையில இருக்கிற நோயாளிக்கு என்ன ஆகும். ஆர் பொறுப்பெடுப்பாங்க, எப்பிடிச் சொல்லிட்டு வாறது.

மூணு, காசும் வீடும். பெற்றோல், ரீலோட், வெறுங்கையோட போகேலாம வாங்கிற பழம். ஒரு மாசம் எழுதிப் பாருங்க, நான் எழுதிப் பாத்திட்டு அண்டைக்கு வீட்டில கதைக்கவே பயந்திட்டன்.

நாலு, திரும்பி வர ஏலுமா. சில வழி கதவத் திறந்து வச்சிட்டுப் போறது, சிலது சாத்திட்டுப் போறது.

## வழி 1: அதே வேலைதான், ஆனா குறைச்சு, எல்லை போட்டு

அஞ்சு நோயாளி பாத்தா ரெண்டாக்கிறது, ராவு 8க்குப் பிறகு போன் எடுக்காம குழு நம்பருக்கு அனுப்பிறது, தனியப் போகாம ரெண்டு பேராப் போறது, காசு கடன் குடுக்கிறதில்ல எண்டு முதல் நாளே சொல்றது. மருந்து விஷயத்தில வாயே திறக்கிறதில்ல. மோர்ஃபின் பாணி நேரம் பாத்துக் குடுக்கிற மருந்து, நோ வந்தாப் பாத்துக்கொள்ளலாம் எண்டு இருக்கிறதில்ல, கூட்டிறது குறைக்கிறது எல்லாம் டொக்டர்ட வேலை, "அக்கா இன்னொரு கரண்டி குடுக்கவா?" எண்டு மகன் அழுதழுது கேட்டாலும் எங்கட வேலை கிளினிக்குக்கு போன் எடுத்துக் குடுக்கிறது மட்டும்தான்.

குறைச்சா அது தொண்டா எண்டு கேக்கிற ஆக்களுக்கு ஒண்டு சொல்றன். கேரளாவில 1993ல கோழிக்கோட்டில தொடங்கின இதே மாதிரி நோயாளிப் பராமரிப்பு வேலை பிறகு ஊர் ஊராப் பரவினது தொண்டர்களாலதான், அங்க ஆக்களச் சேக்கக்குள்ள கேட்டது கிழமைக்கு ஆகக் குறைஞ்சது 2 மணித்தியாலம். ரெண்டே மணித்தியாலம். ஒராள் முழு நாளும் ஓடி விழுறதால அது நிக்கல்ல, கனபேர் கொஞ்சம் கொஞ்சம் குடுத்ததாலதான் நிண்டது.

மறைஞ்ச செலவு என்ன எண்டா, பழைய நோயாளி வீட்டில மனம் நோகும். "முந்தி எந்த நேரமும் வந்த புள்ள, இப்ப நேரம் பாக்குது" எண்டு சொல்லுவாங்க, அதக் கேட்டிட்டு பேசாம இருக்கிறது லேசில்ல. அதால எல்லைய பழைய வீட்டில போடப் போகாம, புது நோயாளில இருந்து தொடங்குங்க. இன்னொண்டு, நீங்க குறைச்சது வேற ஆர்ட தோளிலயோ ஏறும், அதக் குழுவில வெளிப்படையாக் கதைச்சிட்டுச் செய்யணும்.

வேலை தெளிவில்லாததால வந்த களைப்புக்கு இதுதான் நல்ல மருந்து, நான் கண்டதில இதுக்கு மேல ஒண்டும் இல்ல. துக்கத்தால வந்த களைப்புக்கு இது உதவாது, ரெண்டு நோயாளி எண்டாலும் ரெண்டு சாவுதான்.

## வழி 2: கட்டில் பக்கத்த விட்டு பின்பக்க வேலைக்கு

சக்கரக் கதிரை, காத்து மெத்தை, கொமோட் கதிரை இதுகள இரவல் குடுத்து வாங்கிற கணக்கு. கிளினிக் நாளுக்கு ஓட்டோ ஒழுங்கு பண்ணிறது, போன் எடுக்கிறது, புதுத் தொண்டருக்கு சொல்லிக் குடுக்கிறது. எங்கட ஆக்கள் இத இரண்டாம்தர வேலை மாதிரிப் பாக்கிறாங்க, அது எனக்குக் கோபம் வாற விஷயம். படுக்கைப்புண் வந்த ஒராளுக்கு மூணு நாள் முந்தி காத்து மெத்தை போனா அவர்ட ராவு எப்பிடி மாறும் எண்டு பாத்த ஆள் அப்பிடிச் சொல்ல மாட்டார்.

நான் ஆறு மாசம் இதுதான் செஞ்சன். ஐயாட விஷயத்துக்குப் பிறகு.

ஆனா இதிலயும் துக்கம் வராது எண்டு நினைச்சுப் போகாதீங்க. சாமான் திரும்பி வந்தா அந்த ஆள் இல்ல எண்டு அர்த்தம். ஒரு நாள் ஒரு சக்கரக் கதிரை திரும்பி வந்தது, கைப்பிடியில பழைய சீலைத்துண்டு ஒண்டு சுத்திச் சுத்திக் கட்டியிருந்தது, அந்த அம்மாட கை வழுக்காம இருக்க மருமகள் கட்டினது. டெட்டோல் போட்டுக் கழுவக்குள்ள அந்த முடிச்ச அவுக்க எனக்குக் கனநேரம் எடுத்தது. ஆனாலும் அது வேற மாதிரித் துக்கம், தூரத்தில இருந்து வாறது, தாங்கலாம்.

மறைஞ்ச செலவு, தனிமை. நோயாளி ஒராள் உங்களப் பாத்துச் சிரிக்கிற சிரிப்பு இதில கிடைக்காது, அதுக்காகவே இந்த வேலைக்கு வந்த ஆக்களுக்கு ரெண்டு மாசத்தில வெறுமையாப் போயிரும். அதோட போன் வேலை எண்டு எடுத்தா அது 24 மணித்தியாலமும் உங்கட தலையணைக்குக் கீழ வந்திரும், அங்கயும் நேரம் போடணும். வீட்டுப் பொறுப்பு கூடின ஆக்களுக்கும், தூரம் ஓட ஏலாத, பெற்றோலுக்கு காசில்லாத ஆக்களுக்கும் பொருந்தும்.

## வழி 3: திகதி போட்ட லீவு

திகதி எண்ட சொல்லுதான் முக்கியம். "கொஞ்ச நாள் வரல்ல" எண்டு போற ஆக்கள் திரும்பி வாறதில்ல, வர விருப்பமிருந்தாலும் வெக்கத்தில வாறதில்ல. தொடங்கிற நாள், முடியிற நாள், முடியிற நாளண்டு ஆர் உங்களுக்குப் போன் எடுக்கிறது, மூணையும் எழுதணும்.

துக்கக் களைப்புக்கு இதுதான். எங்கட குழுவில இப்ப ஒரு பழக்கம் வச்சிருக்கம், ஒரு தொண்டர்ட நோயாளி செத்தா அவருக்கு 31 நாள் புது நோயாளி குடுக்கிறதில்ல. துடக்கு மாதிரித்தான். ஆரும் கேட்டுத்தான் எடுக்கணும் எண்டில்ல, தானா வரும், அதால வெக்கமும் இல்ல. அந்த 31க்குள்ள ஒரு நாள் நாலஞ்சு பேர் சேந்து தேத்தண்ணி குடிச்சு அந்த ஆளப் பத்திக் கதைப்பம், அவர் என்ன சாப்பிட ஆசைப்பட்டார், என்ன சொல்லிச் சிரிச்சார் எண்டு. இதத் தொடங்கினதுக்குப் பிறகு எங்களில ஒராளும் சாவோட சேத்து வேலைய விட்டதில்ல, டீச்சர் ஒராளத் தவிர. அவ அந்த 31ஐயும் வேணாம் எண்டு சொல்லிச் சொல்லி அடுத்தடுத்து எடுத்தவ. அதத் தடுக்காம விட்டது எங்கட பிழை.

மறைஞ்ச செலவு, முதல் ரெண்டு மூணு கிழமை லீவு எடுக்காம இருந்ததவிட மோசமா இருக்கும். ஓடிக்கொண்டிருந்த வரைக்கும் தெரியாத களைப்பு, இருந்த உடனே வந்து ஏறும். பயப்படாதீங்க. மற்றது, லீவுக்கு முதல் உங்கட நோயாளிட வீட்ட புதுத் தொண்டரக் கூட்டிக்கொண்டு ஒருக்காவாவது போகணும், அந்த ஒரு விசிட்டுக்கு மனசில பலம் வச்சிருக்கணும்.

வேலை தெளிவில்லாததால வந்த களைப்புக்கு லீவு எடுத்தா? ஆறுதலா இருக்கும், திரும்பி வந்த முதல் நாளே அதே படலையடியில அதே மகள் நிப்பா.

## வழி 4: முற்றா விடுறது

அக்கரைப்பற்றுத் தம்பிக்கு நான் சொன்னது இதுதான். அவர்ட வாப்பாக்கே போன மாசம் பெரிய வருத்தம் ஒண்டு கண்டுபிடிச்சிருக்கு, பகல்ல வேலை, ராவில வார்டு. வீட்டில ஒரு நோயாளி இருக்கக்குள்ள வெளி நோயாளிட கட்டிலடியில போய் இருக்கிறது பெரிய தியாகம் இல்ல, வாப்பாட கட்டிலடியில அவர் இருக்கட்டும், அதுவும் இதே வேலைதான். சொந்த வீட்டில புதுசாச் சாவு விழுந்த ஆக்களுக்கும் அப்பிடித்தான்.

இன்னொரு நிலைமையும் இருக்கு. 1974ல ஃபிறொய்டன்பேகர் எண்ட உளவியலாளர் நியூயோர்க்கில ஒரு இலவசக் கிளினிக்கில, தன்ட வேலை முடிஞ்சு பின்னேரம் போய் உதவின இடத்தில, கூட வேலை செஞ்ச தொண்டர்கள் எரிஞ்சு தீந்த மாதிரி ஆகிறதப் பாத்துத்தான் அதப் பத்தி எழுதினார். தொண்டர்களப் பாத்து எழுதினது எண்டதக் கவனிங்க. பிறகு கிறிஸ்டினா மாஸ்லாக் எண்டவ அத அளக்க மூணு விஷயம் சொன்னா: மனசு காஞ்சு போறது, ஆக்கள் ஆக்களாத் தெரியாமப் போறது, என்ன செஞ்சும் பிரயோசனமில்ல எண்டு தோணுறது. எனக்கு ரெண்டாவதுதான் பயம். நோயாளிட பேர் வாயில வராம "அந்த ஈரல் கேஸ்" எண்டு வந்தா, அவர் முனகிறது எரிச்சலா இருந்தா, அண்டைக்கே நிப்பாட்டுங்க. அது உங்கட குணம் கெட்டதில்ல, உள்ளுக்கு எண்ணெய் தீந்ததுதான்.

நித்திரை இல்ல, சாப்பாடு இல்ல, குடிக்கத் தொடங்கிட்டன், நானும் போயிரலாம் எண்டு தோணுது எண்டா இந்த நாலு வழிய ஒப்பிட்டுக்கொண்டு இருக்க வேணாம். 1926க்கு அடிங்க, மனநலத்துக்கான தேசிய இலக்கம், காசில்ல. இல்லாட்டி மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை மனநலப் பிரிவுக்கு நேராப் போங்க, துணைக்கு ஆள் வேணுமெண்டா குழுவில கேளுங்க.

விடுறதுக்கு செலவு ஊர்க்கதையும் குற்ற உணர்ச்சியும். ஆனா பெரிய செலவ நோயாளிதான் குடுக்கிறார், நீங்க சொல்லாமப் போனா. டீச்சர்ட கடைசி நோயாளி ஒரு அம்மா, எங்கட ஆள் ஒராள் போனப்ப அவ முதல் கேட்டது, "டீச்சருக்கு நான் ஏதும் கூடாத சொல்லு சொல்லிட்டனா?" எண்டு. அதால விடுங்க, ஆனா போய் கையப் பிடிச்சுச் சொல்லிட்டு விடுங்க. பத்து நிமிஷம் போதும்.

## ஒரே பார்வையில

| வழி | எந்தக் களைப்புக்கு | மறைஞ்ச செலவு | திரும்பி வாறது |
|---|---|---|---|
| குறைச்சு, எல்லை போட்டு | வேலை தெளிவில்லாதது | பழைய வீடுகளில மனக்கசப்பு | போகவே இல்ல |
| பின்பக்க வேலை | வீடு, காசு, உடம்பு | தனிமை, ஓயாத போன் | லேசு |
| திகதி போட்ட லீவு | துக்கம் | முதல் கிழமைகள் பாரம் | திகதி இருந்தா லேசு |
| விடுறது | வீட்டில நோயாளி, எரிஞ்சு தீந்தது | ஊர்க்கதை, நோயாளிட மனநோ | கஷ்டம், ஆனா ஏலும் |

வேலை தெளிவில்லாத களைப்பும் துக்கக் களைப்பும் சேந்திருந்தா, எனக்கு அப்பிடித்தான் இருந்தது, முதல்ல லீவு, மறுகா எல்லை. மாறிச் செஞ்சா எல்லை போடுற பலமே இருக்காது. ஒரு நோயாளி செத்த கிழமையில மட்டும் எந்த முடிவும் எடுக்காதீங்க, அந்தக் கிழமை எல்லாருக்கும் விடத்தான் தோணும்.

## எப்பிடிச் சொல்றது

கனபேர் முடிவெடுத்திட்டும் சொல்லத் தெரியாம மாசக்கணக்கில இழுக்கிறாங்க. இத அப்பிடியே கொப்பி பண்ணி அனுப்புங்க:

"வணக்கம் அக்கா. எனக்கு களைப்பு கூடிப்போச்சு. இன்ன திகதியில இருந்து இன்ன திகதி வரைக்கும் நோயாளி பாக்க மாட்டன். என்ட கையில ரெண்டு பேர் இருக்காங்க, இந்தக் கிழமைக்குள்ள புது ஆளக் கூட்டிக்கொண்டு போய் அறிமுகப்படுத்திவிடுறன். முடியிற திகதியண்டு எனக்கு ஒரு கோல் எடுங்க, அண்டைக்கு மிச்சத்தச் சொல்றன்."

காரணம் எழுதத் தேவையில்ல. குழு நடத்திற ஆக்களும் காரணம் கேக்காதீங்க, "சரி, திகதி குறிச்சிட்டன்" எண்டு மட்டும் போடுங்க.

டீச்சரும் கடைசியில மூணாவது வழியத்தான் எடுத்தா. போன கிழமை என்னோட ஸ்கூட்டியில ஏறி அந்த அம்மாட்டப் போய் ஒரு மணித்தியாலம் இருந்திட்டு வந்தவ, போகக்குள்ள ஒண்டும் கதைக்கல்ல, வரக்குள்ள பாலத்தடியில "தலையில பேன் கிடக்கு புள்ள, அடுத்த ஆள்ட்டச் சொல்லு சீவி விடச்சொல்லி" எண்டா. அவட திகதி தை மாசம் 20. என்ட போனில அலாரம் போட்டு வச்சிருக்கன், காலம்பற 9 மணிக்கு.